ஓடைக்கரையில் கோயில்: சுவர் எழுப்புவதா, கரையை வளர்ப்பதா?

மடப்பள்ளியின் பின்சுவரில் நாடாவின் ஒரு முனையைக் குருக்கள் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மறுமுனையை நான் ஓடையின் விளிம்புவரை இழுத்துப் போனேன். நாலு மீட்டர் எழுபது சென்டிமீட்டர். முன்பு அந்தப் பக்கம் ஒரு துளசி மாடமும், பாத்திரம் கழுவும் திண்ணையும், அதற்கும் அப்பால் ஒரு மாமரமும் இருந்தனவாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மூன்றும் போய்விட்டன. வேலிக்கம்பி மட்டும் இரண்டு தூண்களுக்கு நடுவே தொங்குகிறது. அதன் கீழே மண் இல்லை.

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில் இருக்கிற அந்தக் கோயிலின் நிர்வாகக் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பொருளாளர் கல்கூடைச் சுவர்தான் கட்ட வேண்டும் என்கிறார். இளைஞர்கள் மரம் நடலாம் என்கிறார்கள். கையில் இருக்கும் நன்கொடைப் பணம் ஏதோ ஒன்றுக்குத்தான் காணும். "தங்கச்சி, நீங்க படிச்சவங்க, ஒண்ணைச் சொல்லிடுங்க, அதையே செஞ்சிடுறோம்" என்றார் தலைவர். ஆற்றுக்கரைகளைச் சீரமைப்பதுதான் என் வேலை. ஆனால் கரையைச் சுற்றிப் பார்க்காமல் ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியாது. இதே கேள்வியோடு வேறு கோயில்களும், ஓடையோரம் வீடு வைத்திருக்கும் குடும்பங்களும் வருகிறார்கள். கூட்டம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. மற்ற கோயில்களில் இருக்கும் தம் நண்பர்களுக்கும் அனுப்பலாம், தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று குருக்கள் கேட்டார். அதனால் இது.

அந்த மழையை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 2022 ஏப்ரல் 11, 12. சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டே நாள் இருந்தது. டர்பனின் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 440 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். கோலம் போட வேண்டிய வாசல்களில் சேறு வாரிக்கொண்டிருந்தோம். அந்த மழையை ஆராய்ந்த வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் குழு, புவி சூடாகாமல் இருந்திருந்தால் 40 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழை அது, இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்க வேண்டும் என்றது. அடுத்தது 2042இல்தான் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஒவ்வோர் ஆண்டும் இருபதில் ஒரு பங்கு வாய்ப்பு என்று பொருள். நீங்கள் இப்போது எடுக்கும் முடிவு, உங்கள் பிள்ளைகள் குழுவில் உட்காரும் காலத்துக்குள் இன்னொரு முறை சோதிக்கப்படும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் மண் ஏன் விழுகிறது என்று பார்க்க வேண்டும். இதைக் கேட்காமலே பல கோயில்கள் ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டுவிடுகின்றன. கரை இரண்டு விதமாக விழும். ஓடை அடியில் குடைந்து, மேல்மண் பிடிப்பில்லாமல் சரிவது ஒன்று. மேலிருந்து வரும் தண்ணீர் மண்ணை ஊறவைத்து, கனம் தாங்காமல் இறங்குவது இன்னொன்று. இந்தக் கோயிலுக்கு நான் வேண்டுமென்றே நல்ல மழைநாளில் போனேன். கல்யாண மண்டபத்துக் கூரையின் தண்ணீர் முழுவதும் ஒரே குழாயில் இறங்கி, கரையின் உச்சியில் விழுந்துகொண்டிருந்தது. விழுந்த இடத்தில் என் முழங்கால் அளவுக்குப் பள்ளம். ஓடையைத் திட்டிக்கொண்டிருந்தோம், பாதி வேலையைக் கோயிலின் குழாயே செய்துகொண்டிருந்தது. உங்கள் இடத்துக்கும் மழையில் ஒருமுறை குடையோடு போய் நில்லுங்கள். வெயில்நாளில் எந்த விஞ்ஞானியும் இதைச் சொல்லிவிட முடியாது.

அடுத்தது, நீங்கள் வளைவின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பது. ஓடை திரும்பும் இடத்தில் வெளிவளைவைத் தண்ணீர் அறுக்கும், உள்வளைவில் மணலைச் சேர்க்கும். உள்வளைவில் இருப்பவர் சுவருக்குச் செலவழித்தால் பெரும்பாலும் வீண்செலவு. வெளிவளைவில் இருப்பவர் வெறும் நாற்றுகளை நம்பினால் முதல் வெள்ளத்திலேயே நாற்றோடு மண்ணும் போகும்.

மூன்றாவது, இடம். கட்டடத்துக்கும் கரைக்கும் நடுவே எத்தனை மீட்டர், கரை எத்தனை மீட்டர் உயரம். இந்த இரண்டு எண் இல்லாமல் யாரிடமும் விலை கேட்காதீர்கள்.

நான்காவது, ஐந்து ஆண்டு கழித்து யார் பார்த்துக்கொள்வார்கள். சுவருக்கும் பராமரிப்பு உண்டு, செடிக்கும் உண்டு. கோயில் குழு தேர்தலில் மாறும். புதிய குழுவுக்கு அந்த வேலை தெரியாமலே போகும்.

ஐந்தாவது, எதிர்க்கரையில் யார் இருக்கிறார்கள். நம் கரையை இறுக்கினால் தண்ணீர் வேறொரு கரையைத் தேடும். எதிரே தகரக் கொட்டகைகளில் வாழும் குடும்பங்கள் இருந்தால், நாம் தள்ளிவிடும் வெள்ளம் அவர்கள் படுக்கையில்தான் ஏறும். இதை நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறேன், சொல்லும்போது அறை அமைதியாகிவிடும்.

கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்த ஓர் ஆயா இன்னொன்றையும் கேட்டார். "சுவர் வந்தா கரகம் எங்கேருந்து கெளம்பும்?" அந்தக் கோயிலில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் ஜோடிப்பது ஓடைக்கரையில். மூன்று தலைமுறையாக அப்படித்தான். பொறியாளரின் பட்டியலில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. என் பட்டியலிலும் அதுவரை இல்லை. இப்போது சேர்த்துக்கொண்டேன்.

## வழி ஒன்று: கல்கூடை, கட்டுச்சுவர், கான்கிரீட் வாய்க்கால்

கம்பிக்கூடையில் கல் நிரப்பி அடுக்குவதை இங்கே எல்லாரும் கேபியன் என்கிறோம். கட்டி முடித்த அன்றே பலன். குறுகிய இடம் போதும். கட்டடம் விளிம்பை ஒட்டி நிற்கும்போது, வெளிவளைவில் தண்ணீர் மோதும்போது, இதைவிட நல்ல வழி பல நேரம் கிடையாது. இயற்கை வழியை விரும்புகிற நான் இதைச் சொல்லத் தயங்கியதில்லை. மடப்பள்ளிக்குள் ஆட்கள் சமைத்துக்கொண்டிருக்கும்போது மரம் வளரும்வரை காத்திருக்கச் சொல்வது தவறு.

மறைந்திருக்கும் செலவு எங்கே? முதலில் அடித்தளம். மேலே தெரியும் சுவருக்கு மட்டும் விலை சொல்லும் ஒப்பந்தக்காரர்கள் உண்டு. ஓடைப்படுகைக்குக் கீழே தோண்டி, அடியில் கல்மெத்தை விரிக்காவிட்டால் தண்ணீர் சுவரின் அடியைக் குடையும், கூடைகள் முன்னால் சாயும். வேறொரு கோயிலில் அப்படிச் சாய்ந்த சுவரைப் பார்த்தேன். கூடைகள் உடையவில்லை, கற்கள் உள்ளேயே இருந்தன. மொத்தச் சுவரும் பூசணிக்காய் உருண்டதுபோல் ஓடைக்குள் கிடந்தது. அதைத் தூக்கி எடுக்கும் செலவு தனி. இரண்டாவது, சுவர் முடியும் இரண்டு முனைகள். அங்கே தண்ணீர் சுழித்து, பக்கத்துக் காணியின் மண்ணைத் தின்னும். மூன்றாவது, கம்பியின் ஆயுள். 2022 வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் உடைந்தபின் நம் ஓடைகளில் ஓடுவது வெறும் மழைநீர் இல்லை. அந்தத் தண்ணீரில் மலிவான துத்தநாகப் பூச்சு நெடுநாள் தாங்காது. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுத் தோட்டங்களில் அடுக்கியிருப்பதைப் பார்க்கிற லோஃபல்ஸ்டைன் என்கிற கான்கிரீட் கட்டைகள் உலர்ந்த சரிவுக்கு நல்லவை. கரையின் அடியில், ஓடையை ஒட்டி வைப்பதற்கானவை இல்லை. அடிக்கட்டை நகர்ந்தால் மேலே இருக்கும் வரிசையெல்லாம் இறங்கும். முழுக் கான்கிரீட் வாய்க்காலைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீரை வேகமாக்கி அடுத்த ஊருக்கு அனுப்பும். நான் யாருக்கும் பரிந்துரைத்ததில்லை.

## வழி இரண்டு: அந்நியச் செடிகளை அகற்றி, நாட்டு மரங்களை வளர்ப்பது

கரை பச்சையாக இருந்தால் பாதுகாப்பாக இருக்கிறது என்று நாம் நம்புகிறோம். எந்தப் பச்சை என்று பார்க்க வேண்டும். டர்பன் ஓடைகளின் ஓரத்தில் நிற்பதில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்தவை. உண்ணிச்செடி, டிரிஃபிட் என்கிற குரோமோலேனா, பக்வீட், ஆமணக்கு, மூங்கில்போல் நெடிதாக வளரும் ஸ்பானிஷ் நாணல். ஸ்பானிஷ் நாணலை ஒரு கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். கிழங்குகள் பாய்போல் மேலாக முடைந்திருக்கும், கரையின் உள்ளே ஆழமாக இறங்கியிருக்காது. வெள்ளம் அடியைக் குடைந்ததும் பாய் பாயாகப் பிய்ந்து, கீழே இருக்கிற பாலத்தின் கண்களை அடைத்துக்கொள்ளும். பிறகு தண்ணீர் சாலையில் ஏறும்.

அதன் இடத்தில் எதை வைப்பது? தண்ணீரின் விளிம்பில் இந்த மண்ணின் சொந்த நாணல். உம்லாங்கா என்ற ஊர்ப்பெயரே அந்த நாணலிலிருந்து வந்தது. அதற்கு மேல் உம்டோனி. இது நம் நாவல் மரத்தின் நெருங்கிய உறவு. இலையைக் கசக்கி முகர்ந்தால், கருஞ்சிவப்புப் பழத்தைக் கடித்து நாக்கை நீட்டினால், உங்களுக்கே தெரிந்துவிடும். ஈரமண்ணில் நின்று கரையைக் கட்டிப்பிடிப்பது அதன் இயல்பு. ஆற்றோர அத்தி, காட்டு ஈச்சை இரண்டையும் கூடச் சேர்க்கலாம். சாட்ஸ்வொர்த்திலேயே சில்வர்கிளென் இயற்கைக் காப்பகத்தில் மாநகராட்சியின் நாட்டுச் செடி நாற்றங்கால் இருக்கிறது. எது எந்த மண்ணுக்கு என்று அங்கே வேலை செய்பவர்களைக் கேளுங்கள்.

இது மலிவான வழி என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். அங்கேதான் நான் அவர்களோடு முரண்படுகிறேன். நாற்று மலிவு. நட்டபின் மூன்று ஆண்டு களையெடுப்பதுதான் செலவு. உண்ணிச்செடியை வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும், மண்ணில் கிடக்கும் விதை மழைக்கு மழை முளைக்கும். ஒருமுறை வெட்டி, படம் எடுத்து, போய்விட்டால் அடுத்த ஆண்டு முன்பைவிட அடர்த்தியாக வரும். 1995இல் காதர் அஸ்மல் நீர்வளத்துறை அமைச்சராக இருந்தபோது தொடங்கிய, அந்நியச் செடிகளை அகற்றும் வொர்க்கிங் ஃபார் வாட்டர் திட்டத்திலிருந்து நாடு முழுவதும் கற்றுக்கொண்ட பாடம் இது: திரும்பத் திரும்பப் போகாவிட்டால் முதல் செலவும் வீண். ஆகவே பணத்தில் பாதியைத் தொடர் களையெடுப்புக்குத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். அந்த வேலைக்குப் பக்கத்துக் குடியிருப்பு ஆட்களுக்குக் கூலி கொடுங்கள். டர்பனுக்கு வடக்கே பஃபல்ஸ்டிராய் குப்பைமேட்டைச் சுற்றி 2008இல் தொடங்கிய காடு வளர்ப்பு இதற்கு நல்ல உதாரணம். 2010 உலகக் கோப்பையை ஒட்டி வந்த திட்டம் அது. சுற்றியுள்ள மக்கள் விதையிலிருந்து நாற்று வளர்த்துக் கொடுத்து, அதற்கு ஈடாக மளிகை, பள்ளிக் கட்டணம் என்று பெற்றுக்கொண்டார்கள். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் நடப்பட்டன. மரத்தால் அவர்களுக்கு வரும்படி இருந்தது, அதனால் மரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது.

வேறு இரண்டு சிக்கல்களை மழுப்பக்கூடாது. கரையில் புதர் அடர்ந்தால் திருடர்கள் ஒளிவார்கள் என்று பெண்கள் பயப்படுகிறார்கள். நியாயமான பயம். பாதையை ஒட்டி முழங்கால் உயரப் புல்லும், உள்ளே கீழ்க்கிளை கழித்த மரமும் வைத்தால் பார்வை மறையாது. இன்னொன்று சிரிங்கா. நம் கோயில்களில் வேப்பிலைக்குப் பதிலாக சிரிங்கா இலையைத்தான் கட்டுகிறோம். அதுவும் அந்நிய மரம், பறவைகள் பழத்தைத் தின்று விதையை ஓடைநெடுகப் பரப்புகின்றன. குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் சலசலப்பு. அம்மன் மரத்தை வெட்டுவதா என்றார்கள். நான் வெட்டச் சொல்லவில்லை. சந்நிதிக்கு முன்னால் நிற்கிற பெரிய மரம் இருக்கட்டும், பழக்கொத்துகளைக் காயும் முன் அறுத்துவிடுவோம், கரையில் முளைக்கும் கன்றுகளை மட்டும் பிடுங்குவோம் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். நாட்டுச் சட்டப்படி, அரசின் பட்டியலில் உள்ள அந்நியச் செடிகளைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு நிலத்துக்காரருக்கு உண்டு. கோயிலும் நிலத்துக்காரர்தான்.

இது எங்கே சிறந்த வழி? பத்து மீட்டர் போல இடம் இருக்கும்போது, கரை ஏற்கெனவே சாய்வாக இருக்கும்போது, உள்வளைவில், நேராக ஓடும் பகுதியில். செங்குத்தாக அறுபட்ட கரையில் இது மட்டும் போதாது.

## வழி மூன்று: காலில் கல், மேலே வேர்

ஓடை குடைகிற அடிப்பகுதியில் மட்டும் கல். அதற்கு மேல் கரையைச் சரித்து, சரிவில் புல், உச்சியில் மரம். என் மனம் சாய்வது இந்த வழிக்கு.

சரிவுக்கு வெட்டிவேர் அருமையான செடி. கோயிலில் வாசனைக்கு வைக்கிறோமே, அதே வேர். ஓரிரு ஆண்டில் இரண்டு மூன்று மீட்டர் நேர்கீழாக இறங்கும். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளியில், சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட வேண்டும். விதை முளைக்காத வகையை மட்டும் வாங்குங்கள், அப்போதுதான் ஓடையில் பரவாது. வெயில் வேண்டும், நிழலில் நலிந்துபோகும். அதனால் முதலில் வெட்டிவேர் மண்ணைப் பிடித்துக்கொள்ள, மேலே உம்டோனி மெல்ல வளர்ந்து பின்னாளில் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

இந்த வழியின் விலை பணத்தில் அதிகம் தெரியாது, நிலத்தில் தெரியும். இந்தக் கோயிலின் கணக்கைப் பாருங்கள். கரை உயரம் இரண்டரை மீட்டர், ஏறக்குறைய செங்குத்து. ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் என்று சரித்தால் ஐந்து மீட்டர் நிலம் போகும். இருப்பதோ 4.70. ஒன்றுக்கு ஒன்றரை என்று சரித்தாலும் 3.75 போய், மடப்பள்ளிக்குப் பின்னால் ஒரு மீட்டர்கூட மிஞ்சாது. அதுவே காலில் ஒரு மீட்டர் உயரத்துக்குக் கல்கூடை வைத்தால், மிச்சம் ஒன்றரை மீட்டரை மட்டும் சரித்தால் போதும். 2.25 போகும், 2.45 மிஞ்சும். ஆள் நடக்கலாம், பாத்திரம் கழுவலாம். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோதுதான் பொருளாளரும் இளைஞர்களும் ஒரே பக்கம் பார்த்தார்கள்.

கரகத்துக்குப் படிக்கட்டும் இதில் வைக்கலாம். முழுச் சுவரில் வைப்பது கடினம்.

## வழி நான்கு: தண்ணீரை மேலேயே தாமதப்படுத்துவது

நம் பாட்டன்மார் ஊரில் ஏரியும் கலிங்கும் செய்த வேலை இது. வந்த தண்ணீரை ஒரேயடியாக விடாமல் நிறுத்தி, மிஞ்சியதை மெல்ல அனுப்புவது. நகரத்தில் அதை ஈரநிலங்கள் செய்தன. பலவற்றை மூடிக் கட்டிவிட்டோம்.

கோயில் அளவில் உடனே நினைவுக்கு வருவது ஜோஜோ தொட்டி, அதாவது கூரை மழைநீரைப் பிடிக்கும் பிளாஸ்டிக் தொட்டி. இதில் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். 200 சதுர மீட்டர் கூரையில் 300 மில்லிமீட்டர் மழை பெய்தால் 60,000 லிட்டர். 5,000 லிட்டர் தொட்டி 25 மில்லிமீட்டரிலேயே நிறைந்துவிடும். மேலும் இங்கே குழாய்த் தண்ணீர் அடிக்கடி நிற்பதால் யாரும் தொட்டியைக் காலியாக வைப்பதில்லை. நிறைந்த தொட்டி வெள்ளத்துக்கு எதையும் செய்யாது. தொட்டி வாங்குங்கள், குடிக்கவும் கழுவவும் உதவும். வெள்ளத்தைத் தடுக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். தொட்டி நிறைந்து வழியும் குழாயைக் கரையின் உச்சியில் விடாமல், ஓடையின் அடிமட்டம்வரை இறக்கி, கல் பரப்பிய இடத்தில் விடுங்கள். இந்தக் கோயிலில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தரப்போவது அந்த ஒரு குழாய்தான்.

பெரிய அளவில் இது ஊர் சேர்ந்து செய்ய வேண்டியது. மாநகராட்சியின் சிலான்சிம்வெலோ திட்டத்தில் அக்கம்பக்கத்தவர் கூட்டுறவுக் குழுக்களாகச் சேர்ந்து, கூலி பெற்று, ஓடைகளில் குப்பையும் அந்நியச் செடியும் அகற்றுகிறார்கள். பாலத்தின் கண் அடைபடாமல் இருந்தாலே பல தெருக்கள் தப்பும். பால்மியட் ஆற்றில் குவாரி ரோடு வெஸ்ட் குடியிருப்பு மக்களும், குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், மாநகராட்சியும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். மேலே மழை என்றால் கீழே செய்தி வரும், ஆட்கள் மேடேறுவார்கள். கரைக்காக ஒரு ரேண்டும் செலவழிக்காமல் உயிரைக் காக்கும் வழி இது. உங்கள் ஓடைக்கு அப்படி ஒரு குழு இல்லையென்றால் மேல்புறத்துக் கோயிலையும் பள்ளிவாசலையும் தேவாலயத்தையும் சேர்த்து ஒன்றைத் தொடங்குங்கள்.

## வழி ஐந்து: பின்வாங்குவது

இதைச் சொல்லும்போது என் குரல் தாழ்ந்துவிடும். 1917 அக்டோபர் 28 அன்று உம்கேனி ஆறு பெருகி, ஸ்பிரிங்ஃபீல்டு சமவெளியின் டின் டவுன் குடியிருப்பை அடித்துக்கொண்டு போனது. அங்கே இருந்தவர்கள் நம் இந்தியத் தொழிலாளர் குடும்பங்கள். மாரிமுத்து படவாட்டன் உள்ளிட்ட ஆறு மீனவர்கள் படகோடு வெள்ளத்தில் இறங்கி 176 பேரைக் கரைசேர்த்தார்கள். மற்றவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. நூறாண்டு கழித்து, 2022இல், அதே சமவெளியில் தண்ணீர் நின்றது. 1960களில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த நிறவெறி ஆட்சியின் குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளப்பட்டவர்களும் தங்கள் இடத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்து வரவில்லை. அப்படி வந்து, கையால் எழுப்பிய கோயிலை நகர்த்துங்கள் என்று எளிதாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆனாலும் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டியதில்லை. மூலஸ்தானம் மேட்டில் இருக்கலாம், பின்னால் சேர்த்த கழிப்பறையும் சேமிப்பறையும் விளிம்பில் இருக்கும். அவற்றை இடித்து முன்பக்கம் கட்டுவது, அவற்றைக் காக்கச் சுவர் எழுப்புவதைவிட மலிவாக முடியலாம். இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள். வெள்ளக்கோட்டுக்குள் மனிதர்கள் இரவு தூங்கும் கட்டடம் இருந்தால் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை, அதை முதலில் நகர்த்துங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | பலன் எப்போது | தேவைப்படும் இடம் | மறைந்த செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| கல்கூடைச் சுவர் | உடனே | குறைவு | அடித்தளம், முனை அரிப்பு, கம்பியின் ஆயுள், எதிர்க்கரை | வெளிவளைவு, கட்டடம் விளிம்பில் |
| நாட்டு மரம், களை அகற்றல் | 3 முதல் 5 ஆண்டு | அதிகம் | மூன்று ஆண்டுக் களையெடுப்பு | உள்வளைவு, சாய்வான கரை |
| காலில் கல், மேலே வேர் | பாதி உடனே, மீதி 2 ஆண்டில் | நடுத்தரம் | இழக்கும் நிலம், அனுமதிக்கான காலம் | பெரும்பாலான கோயில், வீட்டுக் கரைகள் |
| மேலே தாமதப்படுத்தல் | குழாய் உடனே, ஈரநிலம் மெல்ல | ஊர் அளவு | பலரின் ஒத்துழைப்பு | எல்லா இடத்திலும், வேறொன்றோடு சேர்த்து |
| பின்வாங்குதல் | உடனே | மேட்டில் மாற்றிடம் | மனவேதனை, மறுகட்டுமானம் | வெள்ளக்கோட்டுக்குள் இருப்பவை |

## அனுமதியும் காலமும்

எந்த ஒப்பந்தக்காரரும் தானாகச் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன். ஓடையின் படுகையையோ கரையையோ மாற்றுவது 1998ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்குள் வரும். 10 கன மீட்டருக்கு மேல் மண்ணை ஓடையில் கொட்டினாலோ, அங்கிருந்து அள்ளினாலோ சுற்றுச்சூழல் அனுமதியும் தேவைப்படும். 10 கன மீட்டர் என்பது ஒரு டிப்பர் லாரி நிறைய மண், அவ்வளவுதான். இந்தக் கோயிலின் 40 மீட்டர் கரையைச் சரித்தாலே அதைப்போல் பல மடங்கு வரும். அனுமதி வர மாதக்கணக்காகும். கையால் களை பிடுங்குவதும் நாற்று நடுவதும் பொதுவாக இந்தச் சிக்கலுக்குள் வராது. களைக்கொல்லி அடிப்பதென்றால் உரிமம் பெற்றவரைக் கூப்பிடுங்கள், தண்ணீரோரம் அடிக்கக்கூடிய மருந்துதானா என்று கேளுங்கள்.

காலத்தை நம் திருநாட்களோடு சேர்த்து நினைவு வைத்துக்கொள்ளலாம். ஆடிக்கூழ் ஊற்றும் நாட்கள் இங்கே வறண்ட குளிர்காலம். களை அகற்றவும் மண்ணைச் சரிக்கவும் அதுதான் நேரம். புரட்டாசி விரதம் முடியும்போது மழை தொடங்கும், அப்போது நடுங்கள். தைப்பூசத்துக்குப் பிறகு நட்டால் வேர் பிடிக்கும் முன் ஏப்ரல் வந்துவிடும். ஓடையில் இறங்குபவர்களுக்குக் கையுறையும் முழங்கால் பூட்ஸும் கட்டாயம்.

## அந்தக் கோயில் எதைத் தேர்ந்தெடுத்தது

மடப்பள்ளிக்குப் பின்னால் ஆறு மீட்டர் நீளத்துக்குக் காலில் கல்கூடை, மற்ற 34 மீட்டருக்கு வெட்டிவேரும் நாணலும் உம்டோனியும். நடுவில் கரகத்துக்கு ஆறு படி. எதிர்க்கரைக் குடியிருப்பிலிருந்து நான்கு பேர் களையெடுப்பு வேலைக்கு வருகிறார்கள், அவர்களோடு பேசிய பிறகுதான் வரைபடத்தை முடித்தோம். அனுமதிக்கு விண்ணப்பம் போயிருக்கிறது.

காத்திருக்கும் காலத்தில் அனுமதி தேவையில்லாதவற்றைச் செய்தோம். கூரைக்குழாயைத் திருப்பினோம். காஸ் சிலிண்டர்களும் அன்னதானத்துக்கான பெரிய அண்டாக்களும் முன்பக்கத்து அறைக்கு மாறின. ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் மாதம் ஒருமுறை ஓடையில் கல்லைப் புரட்டி மினிசாஸ் கணக்கெடுக்கிறார்கள். 13 வகைப் பூச்சி, புழுக்களில் எவை இருக்கின்றன என்று பார்த்துத் தண்ணீரின் நலத்துக்கு மதிப்பெண் போடும் எளிய முறை அது. முதல் மாதம் மிக மோசமான மதிப்பெண். சிறுமி ஒருத்தி தும்பியின் குஞ்சு ஒன்றுகூட இல்லையே என்று என்னைக் கேட்டாள், மேலே உடைந்த கழிவுநீர்க் குழாயைக் காட்டினேன். அதைப் பற்றிய புகாரை அந்த வகுப்பே எழுதி அனுப்பியது.

இதோடு மூன்று முளைக்குச்சிகளையும் அடித்தோம். விளிம்பிலிருந்து ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் உள்ளே. ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் குருக்கள் அதே இடத்தில் நின்று படம் எடுத்து அனுப்புகிறார். எந்தக் கரையிலும், இன்றே, யாரும் இதைச் செய்யலாம். ஜனவரி மழையில் முதல் முளை போய்விட்டது. குழாயைத் திருப்பிய பிறகு வந்த இரண்டு மழைகளில் இரண்டாவது முளை அசையவில்லை. நேற்று வந்த படத்தில் அதன் காலடியில் உம்டோனிக் கன்று ஒன்று இருக்கிறது. யார் நட்டார்கள் என்று கேட்டேன், பொருளாளர் என்றார்.